மாதவரம் பக்கம் அடுத்த தெருவுக்குப் போகவே ஏன் இவ்வளவு சுற்று?

வடசென்னையில் மாதவரம், புழல் பக்கம் பின்தெருவுக்குப் போகக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து திரும்ப வேண்டியிருக்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே மனைப்பிரிவுகள் பலவும் தனித்தனியாக வந்தவை. நிலத்தை வாங்குபவர் தன் எல்லைக்குள் ரோடு போட்டு மெயின் ரோட்டோடு சேர்த்துவிடுவார், அடுத்த லேஅவுட்காரரும் அதையே செய்வார், நடுவில் ஒரு மதில் நிற்கும், இரண்டு பக்கமும் முட்டுச்சந்துதான்.

ஜார்ஜ் டவுனைப் பாருங்கள்: தம்பு செட்டி, லிங்கி செட்டி, பவளக்காரத் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஓட, குறுக்குத் தெருக்கள் அவற்றை இணைத்துக்கொண்டே போகின்றன. நெரிசல் உண்டுதான், ஆனால் ஒரு தெரு அடைத்தால் அடுத்ததில் போகலாம், பாதி வேலை நடந்தே முடியும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைச் சிக்கல் வேறு. ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும் ஊரைத் துண்டாக்கிவிட்டன, மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் சுற்றுவது எவ்வளவு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

2011-ல் மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்து பரப்பு 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டரானது, ஆனால் அதற்கு முன்பே பல தெருக்கள் போட்டாகிவிட்டது. வீடு எழும்பிய பிறகு ரோடு திறப்பது மிகக் கடினம். அதனால் அனுமதி தரும்போதே அடுத்த நிலத்தின் எல்லை வரை ரோட்டை விடச் சொல்லிக் கறாராக நிற்க வேண்டும். கட்டி முடிந்த இடங்களில் சைக்கிள் போக ஒரு சந்தாவது திறந்துவிட்டால் பிள்ளைகள் லாரி ஓடும் ரோட்டைத் தொடாமல் பள்ளிக்குப் போவார்கள்.