போட்டியில் அனுமதி, கூடைப்பந்துத் தளத்தில் தடை ஏன்?

வணக்கம். உங்கள் சியர்லீடிங் அணி (ஆட்டங்களில் தன் அணியை உற்சாகப்படுத்திச் சாகசம் செய்யும் குழு) சியர்லீடிங் போட்டி மேடையில் பிழையின்றிச் செய்து காட்டிய பாஸ்கெட் டாஸை, அதாவது சிலர் கைகோத்து ஒருவரை உயரே வீசிப் பிடிக்கும் சாகசத்தை, கூடைப்பந்து ஆட்டத்தின் ‘டைம் அவுட்’டில் (ஆட்டத்தைச் சற்றே நிறுத்தும் குறுகிய நேரத்தில்) செய்யப் பயிற்சியாளர் மறுக்கிறார் என்றும், அது அணியின் திறமையை அவர் நம்பாததன் அடையாளமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்கக் கல்லூரி சியர்லீடிங் விதிகள், சாகசம் செய்யப்படும் தளத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறுபடுகின்றன.

2006 மார்ச்சில், செயின்ட் லூயிஸில் நடந்த கூடைப்பந்துப் போட்டியொன்றில், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகச் சியர்லீடிங் அணி மாணவி ஒருவர் மனிதப் பிரமிடின் உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 அடி கீழே, மெத்தை விரிக்கப்படாத மரத்தளத்தில் விழுந்து, கழுத்தெலும்பு முறிவுக்கும் மூளை அதிர்ச்சிக்கும் ஆளானார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவர் அணியை உற்சாகப்படுத்தும் கையசைவுகளைத் தொடர்ந்ததைத்தான் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. விதி வகுப்பவர்களோ அந்தத் தளத்தைக் கவனித்தார்கள். அதன்பின் மெத்தையில்லாத கூடைப்பந்துத் தளத்தில் பாஸ்கெட் டாஸும் இரண்டரை ஆள் உயரப் பிரமிடும் விலக்கப்பட்டன. போட்டி மேடையில் மெத்தை விரித்திருப்பார்கள், குறுக்கே எவரும் வரமாட்டார்கள். ‘டைம் அவுட்’டில் இவ்விரண்டுக்கும் உறுதியில்லை.

ஆனால் இடைவேளையிலோ ஆட்டம் முடிந்த பின்னரோ, தளத்தில் பிறர் எவருமின்றி, மெத்தை விரித்துச் செய்ய விதியில் இடமுண்டு. ஆகவே, மெத்தைகளைக் கொண்டுவந்து விரிக்க அரங்க நிர்வாகம் இசையுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அதற்கு முன், நடப்புப் பருவத்துக்கான விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது அவ்வப்போது திருத்தப்படுகிறது.