பழைய பேப்பர்ல பூ செய்யப் போறீங்களா, முதல்ல ஒரு மூலையை மடிச்சுப் பாருங்க

தாத்தாவோட பெட்டியில பழைய புத்தகம், கணக்கு நோட்டு, கடிதம்னு ஒரு குவியலே கிடைச்சிருக்கு, அதுல பூ செய்யலாம்னு உக்காந்தா மடிக்கும்போதே உதிருது, பசை தடவுனா சுருங்கிடுது, என்ன பண்றதுன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

உங்க கையில ஒரு குறையும் இல்லைங்க. 1850-க்கு அப்புறம் கந்தல் துணியை விட்டுட்டு மரக்கூழ்ல காகிதம் செய்ய ஆரம்பிச்சாங்க, மை ஊறாம இருக்கறதுக்காக படிகாரமும் ரோசினும் (பைன் மரப் பிசின்) சேர்த்தாங்க, அந்தப் படிகாரத்தால வர்ற அமிலம் வருஷக்கணக்கா உள்ளயே இருந்து காகிதத்தோட நாரை அரிச்சுடுது. அதுக்கு முந்தின கந்தல் காகிதம் 200 வருஷம் ஆனாலும் நல்லா வளையும்.

அதனால ஒரு மூலையை ஒரே கோட்டுல முன்னயும் பின்னயும் மடிங்க. நாலஞ்சு தடவைக்குள்ள ஒடிஞ்சு கையோட வந்துட்டா அதுல பூ வேண்டாம், பெட்டி மூடி, ஃபிரேம், கொலாஜ்னு தட்டையா ஒட்டுற வேலைக்கு வச்சுக்கோங்க. இல்ல, பூதான் வேணும்னா பின்னாடி மெல்லிசான டிஷ்யூ பேப்பர் கொடுக்கணும். பக்கத்தை பிளாஸ்டிக் ஷீட் மேல குப்புற வச்சு லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, உடனே ஓரமெல்லாம் சுருண்டு எழும்பும், பயந்துடாதீங்க, நார் தண்ணி குடிச்சு விரியுது அவ்வளவுதான், ரெண்டு நிமிஷம் விட்டா தானா படுத்துடும். நீங்க அவசரப்பட்டு அதுக்குள்ள பசை தடவுறதாலதான் சுருக்கம் விழுதுன்னு நினைக்கிறேன். படுத்தப்புறம் தண்ணியா காய்ச்சின மைதா பசையை டிஷ்யூல தடவி, நடுவுல இருந்து வெளிப்பக்கமா நீவி ஒட்டுங்க, மேலயும் கீழயும் பட்டர் பேப்பர் வச்சு கனமான புத்தகத்துக்கு அடியில ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில எடுத்தா இதழ் மாதிரி சுருட்டலாம்.

தண்ணி படுறதுக்கு முன்னாடி ஈரமான காட்டன் பட்ஸால எழுத்து மேல ஒரு புள்ளி வச்சுப் பாருங்க, பேனா மை பெரும்பாலும் கலையும். கையெழுத்துக் கடிதத்தை மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க, ஸ்கேன் பண்ணி லேசர் பிரிண்ட் எடுத்து அதுல செய்யுங்க (இங்க்ஜெட் பிரிண்ட் ஈரம் பட்டா ஓடிடும்). திரும்ப எழுதித் தர அந்தக் கை இல்லைங்க.

பூச்சி இருந்தா ஜிப் கவர்ல காத்தில்லாம மூடி ஃபிரீசர்ல ரெண்டு வாரம், வெளிய எடுத்ததும் உடனே பிரிக்காதீங்க, குளிர் விடட்டும். பூஞ்சை பிடிச்சதை மத்ததோட சேர்க்கவே கூடாது, மாஸ்க் போடாம தொடவும் வேண்டாம்.

இன்னொன்னு, 1800-கள்ல வந்த புத்தகத்துல பளிச்சுனு பச்சையா துணி அட்டை இருந்தா அந்தச் சாயத்துல ஆர்சனிக்ங்கற விஷம் இருக்க வாய்ப்பு உண்டு. வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம், கிளவுஸ் போட்டு எடுத்து கவர்ல மூடி, குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல தனியா வச்சிடுங்க.