கேப்யுலா: ஹெல்சின்கியின் மரவீட்டுப் பகுதிக்குச் செல்வோர் கேட்டவை

ஹெல்சின்கி நகருக்கு வரும் நண்பர்கள் கேப்யுலா என்னும் அமைதியான குடியிருப்புப் பகுதியைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே பலமுறை நடந்து பழகியவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி: வரைபடத்தில் கேப்யுலா என்றும் கொட்பி என்றும் இரண்டு பெயர்கள் உள்ளனவே?

இரண்டும் ஒரே இடம்தான். ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் ஆகிய இரண்டும் பின்லாந்தின் தேசிய மொழிகள் என்பதால், ஹெல்சின்கியின் தெருப்பலகைகளில் மேலே ஃபின்னிஷ் பெயரும் கீழே ஸ்வீடிஷ் பெயரும் இருக்கும். ஊசியிலை மரத்தின் கூம்புக்காயை ஃபின்னிஷில் கேப்யு என்றும் ஸ்வீடிஷில் கொட்டே என்றும் சொல்வார்கள். ஆகவே ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு.

கேள்வி: அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

வீடுகள்தான். 1918ஆம் ஆண்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்த காலத்தில், உழைக்கும் குடும்பங்களுக்காக 1920 முதல் 1925 வரை, கட்டடக் கலைஞர் மார்த்தி வாலிகங்காஸின் வடிவமைப்பில் கட்டப்பட்ட மரவீடுகள் இவை. காவிச் சிவப்பும் மங்கிய மஞ்சளும் பூசிய பலகைச் சுவர்கள் தெருவோரமாக வரிசை பிடித்து நிற்க, அவற்றின் பின்னால் ஆப்பிள் மரங்கள் நிற்கும் பொது முற்றங்கள் விரிகின்றன. எளியவர்களுக்கான வீட்டையும் இத்தனை அக்கறையோடு கட்ட முடியும் என்பதை நேரில் காணலாம் என்பதற்காகவே இந்த இடத்தை அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன். 1960களில் இவற்றை இடித்துவிட்டுப் புதிய கட்டடங்கள் எழுப்ப எண்ணினார்கள்; எதிர்ப்பு வலுத்ததால் 1971ஆம் ஆண்டு நகரத் திட்டம் இவற்றைக் காப்பாற்றியது.

கேள்வி: பின்லாந்தில் யாரும் எங்கும் நடக்கலாம் என்று படித்தேன். அந்த முற்றங்களுக்குள் போகலாமா?

தயவுசெய்து போகாதீர்கள். காட்டிலும் வெளியிலும் நடக்கவும், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கவும் அனைவருக்கும் உரிமை உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த உரிமை வீட்டு முற்றத்துக்குப் பொருந்தாது. வாயில் திறந்தே கிடந்தாலும், வழி நேராக உள்ளே சென்றாலும், முற்றம் வீட்டின் பகுதியே. வீட்டமைதியைச் சட்டமே காக்கிறது. உள்ளே இருப்பவர்களை அவர்கள் அறியாமல் படம் எடுப்பது குற்றமாகக்கூட ஆகலாம். முகப்புகளைத் தெருவில் நின்றே நிதானமாகப் பாருங்கள். சன்னல்களை உற்றுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எப்படிப் போவது, எப்போது போவது?

நகர மையத்திலிருந்து 1ஆம் எண் டிராம் அங்கே செல்கிறது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், மாலை உணவுக்குப் பிறகு புறப்பட்டாலும் நிதானமாகச் சுற்றலாம். டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஆறு மணி நேரம்கூட இராது. நண்பகலை ஒட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: அருகில் வேறு ஏதேனும் உண்டா?

1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டிய வீரர் குடியிருப்பு அருகிலேயே இருக்கிறது. வாலிகங்காஸ், ஹில்டிங் ஏகேலுண்டுடன் இணைந்து வடிவமைத்தது அது. போரினால் அந்தப் போட்டி நடக்கவில்லை. வீடுகளில் நகர மக்கள் குடியேறினார்கள், இன்றும் வாழ்கிறார்கள். அங்கேயும் தெருவோடு நடந்து பார்ப்பதே முறை.