களிமண் மென்படலம் உரிந்து போவது ஏன்?

கேள்வி: நான் திருகோணமலை நிலாவெளியில் இருக்கும் இறுதியாண்டு விஞ்ஞான மாணவி. மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண்ணை நீரில் கலக்கிய தொங்கலிலும் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தின் கரைசலிலும் கண்ணாடி வழுக்கியை மாறி மாறித் தோய்த்து அடுக்குப் படலம் செய்து பார்க்கிறேன். இடையில் கிணற்று நீரால் கழுவுகிறேன். படலம் திட்டுத்திட்டாகப் படிகிறது, சில அடுக்குகளுக்குப் பின் உரிகிறது, நிறமும் நீலமாக இல்லாமல் ஊதாவாகத் தெரிகிறது. எங்கே பிழை?

பதில்: முதலில் தண்ணீரை மாற்றுங்கள். முருங்கன் களிமண்ணில் உள்ள மொன்ட்மோரில்லோனைட்டு என்னும் தகட்டுக் கனிமத்தின் ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 1 நனோமீற்றர் தடிப்பே உடையது. தகட்டின் அலுமினிய அயன்கள் சிலவற்றின் இடத்தில் மகனீசிய அயன்கள் அமர்ந்திருப்பதால் அதற்கு நிலையான மறையேற்றம் உண்டு. அந்த ஏற்றங்களின் விலக்கலே தகடுகளை நீரில் தனித்தனியாக வைத்திருக்கிறது. நீரில் உப்பு கூடும்போது விலக்கல் எட்டும் தூரம் சுருங்கி, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. கல்சியமும் மகனீசியமும் சோடியத்தைவிட மிகக் குறைந்த செறிவிலேயே இதைச் செய்துவிடும். கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், கரையோரக் கிணற்றில் கடல்நீர் இருபதில் ஒரு பங்கு கலந்திருந்தாலே திரளலுக்குப் போதும். நீங்கள் காணும் திட்டுகள் பெரும்பாலும் இத்தகைய திரள்களே. ஆகவே கலக்குவதற்கும் கழுவுவதற்கும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

தோண்டியெடுத்த களிமண்ணை அப்படியே பயன்படுத்துவதும் சரியல்ல. அதை நீரில் நன்கு கலக்கி நிற்கவிட்டால், 30 பாகை செல்சியசு அறையில் ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தின் பின், மேலுள்ள 10 சென்ரிமீற்றர் நீரில் 2 மைக்குரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளே எஞ்சும். மணல் அடியில் தங்கிவிடும். அந்த மேற்பகுதியை எடுத்து, 1 மூலர் சோடியம் குளோரைட்டுக் கரைசலில் சில தடவை ஊறவைத்துச் சோடிய வடிவுக்கு (தகடுகளிடையே சோடிய அயன்கள் உள்ள நிலைக்கு) மாற்றி, கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்று வெண்வீழ்படிவு தராத நிலை வரும்வரை, அதாவது குளோரைட்டு நீங்கும்வரை, கழுவுங்கள். இறுதித் தொங்கல் 0.1 சதவீதத்துக்கு மேற்படத் தேவையில்லை. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் படலத்தின் தரம் பெரிதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

உரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அடுக்கு வளர வேண்டுமானால் ஒவ்வொரு தோய்ப்பும் மேற்பரப்பின் ஏற்றத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். ஒற்றை நேரேற்றமுள்ள மெதிலீன் நீலம் போன்ற சிறு மூலக்கூறு இதை உறுதியாகச் செய்வதில்லை. நேரேற்றம் பல கொண்ட, நீண்ட சங்கிலி மூலக்கூறான பல்பகுதியமே தகடுகளைப் பிணைக்கும் பசையாக நிற்கும். 1994இல் ஆய்வாளர்களான கிளைன்பெல்டும் பெர்குசனும் இவ்வகைப் படலங்களை வளர்த்தது அத்தகைய பல்பகுதியத்தைக் கொண்டுதான். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசானை ஐதான அசற்றிக் அமிலத்தில் கரைத்தும் பயன்படுத்தலாம். கண்ணாடியே மறையேற்றம் உடையதாகையால் முதல் தோய்ப்பு பல்பகுதியத்தில் அமையட்டும்; அதற்கு முன், நீர் துளியாக நில்லாமல் விரிந்து பரவுமளவுக்குக் கண்ணாடியைத் துப்புரவாக்குங்கள். படலம் வளர்ந்தபின் அதை மிக ஐதான சாயக் கரைசலில் ஊறவிட்டால் சாயம் தகடுகளிடையே புகுந்துகொள்ளும்.

ஊதா நிறத்தைப் பிழையென்று எண்ண வேண்டாம். மெதிலீன் நீலம் தனி மூலக்கூறாக ஏறத்தாழ 665 நனோமீற்றரில் ஒளியை உறிஞ்சுகிறது. களிமண் மேற்பரப்பில் நெருங்கிக் குவியும்போது உறிஞ்சல் 570 முதல் 600 நனோமீற்றர் வரையான பகுதிக்கு நகர்கிறது. உங்கள் படலத்தில் சாயம் அளவுக்கு மிஞ்சிச் செறிந்திருக்கிறது என்பதையே அந்நிறம் சொல்கிறது. நீலமே வேண்டுமானால் சாயக் கரைசலின் செறிவைக் குறையுங்கள்.

மாரி காலத்தில் இன்னொரு கவனம் தேவை. ஈரக் காற்றிலிருந்து தகடுகளிடையே நீர் புகுவதால் அடுக்கிடைத் தூரம் கூடும். வெறும் சோடிய வடிவில் அது 0.96 நனோமீற்றரிலிருந்து 1.24 நனோமீற்றருக்கு உயர்கிறது. எனவே இத்தூரத்தை அறியும் எக்ஸ் கதிர் அளவீட்டுக்கு முன் வழுக்கிகளைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.