கட்கிக்குப் போகும் முன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் புனேயில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். டிசம்பர் 16, 1971 போர் வெற்றியை நினைவுகூரும் விஜய் திவஸ் அன்று எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கட்கியில் இருக்கும் பாராப்ளெஜிக் மறுவாழ்வு மையத்துக்குப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போன ராணுவ வீரர்களைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ஆளுக்கொரு சால்வை, ஸ்வீட் பாக்ஸ், பிள்ளைகளின் தேசபக்திப் பாடல். என் மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. "அவங்க என்ன காட்சிப்பொருளா?" என்கிறாள். எனக்கும் உள்ளூரக் கூச்சம்தான். போகலாமா? போனால் என்ன பேசுவது?

கார்த்திகேயன்
புனே

அன்புள்ள கார்த்திகேயன்,

போங்கள். ஆனால் டிசம்பர் 16 வேண்டாம். அந்த மாதிரி நாட்களில் பள்ளிக்கூடம், சங்கம், வங்கி என்று வரிசைகட்டி ஆட்கள் வருவார்கள். உள்ளே இருப்பவர் காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப்போவார். பிப்ரவரியில் ஏதோ ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மைய அலுவலகத்துக்கு முன்பே எழுதி அனுமதி வாங்குங்கள். எந்த நேரம் தோது என்று அவர்களிடமே கேளுங்கள்.

நேரத்தைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் முதுகுத்தண்டு முறிந்த சிப்பாய்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு வந்த லுட்விக் குட்மன், இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தே ஆகவேண்டும் என்று கறாராக நின்றார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் அவர். (1948இல் 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக்காக வளர்ந்தது.) புரட்டுவது, சிறுநீர்ப்பையைக் காலிசெய்வது, புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிசியோதெரபி என்று கட்கியில் இருப்பவர்களின் பொழுதுக்கும் ஒரு கட்டு உண்டு. திடீரென்று நுழைகிறவர் அதைக் கலைக்கிறார்.

என்ன பேசுவது என்பதைவிட எதைக் கேட்கக்கூடாது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். "எந்தப் போர்ல சார் அடிபட்டீங்க?" என்ற கேள்வி. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே குண்டு பாய்ந்தவர் இருக்கலாம். மலைப்பாதையில் லாரி உருண்டு முதுகு போனவரும் இருப்பார், பயிற்சியில் விழுந்தவரும் இருப்பார், லீவில் ஊருக்குப் போனபோது பைக்கில் அடிபட்டவரும் இருப்பார். கார்கில் என்று ஒருவர் சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரர் லாரி என்றதும் அது ஒரு சுற்றுக் குறைந்தால், குறைந்ததை அவர் பார்ப்பார். அரசாங்கமே போர்க்காயத்துக்கு ஒரு ஓய்வூதியக் கணக்கும், பணிக்கால விபத்துக்கு வேறொரு கணக்கும் வைத்திருக்கிறது. அந்தத் தரம்பிரிப்பை நாமும் போய் ஒருமுறை செய்துகாட்ட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே ஒன்றுதான்.

முரளிகாந்த் பேட்கரையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 1965 போரில் குண்டடிபட்டு, 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். பெரிய மனிதர், மறுப்பில்லை. நாட்டுக்கு அவர் நினைவு வந்து பத்மஸ்ரீ கொடுக்க 2018 ஆனது என்பது வேறு கதை. ஆனால் வீல்சேரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் "நீங்களும் பேட்கர் மாதிரி வரலாம்" என்று சொல்வது, நடக்கிற ஒவ்வொருவரிடமும் "நீங்களும் மில்கா சிங் மாதிரி ஓடலாம்" என்று சொல்வதற்குச் சமம்.

இந்த வேலையைச் சரியாகச் செய்த ஒருவர் எனக்கு நினைவுக்கு வருகிறார், கவிஞர் வால்ட் விட்மன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்கள் பட்டியலில் தம்பி பெயரைக் கண்டு 1862 டிசம்பரில் தேடிப் புறப்பட்டார். தம்பிக்குக் கன்னத்தில் சின்னக் காயம்தான். ஆனால் விட்மன் ஊர் திரும்பாமல் வாஷிங்டனில் தங்கி, வருடக்கணக்கில் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். போகும் முன் குளித்து, நல்ல உடை உடுத்தி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவாராம். வாடிய முகத்தோடு வருகிற ஆள் அங்கே கூடுதல் சுமை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையில் சின்ன நோட்டு. எந்தப் படுக்கைக்காரருக்கு ஆரஞ்சு வேண்டும், யாருக்குப் புகையிலை, யாருக்குத் தபால்தலை என்று குறித்துக்கொண்டு அடுத்த தடவை கொண்டுவருவார். எழுத முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார்.

உங்களால் முடிவதும் அதுதான். இன்றைக்குக் கடிதம் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஸ்பர்ஷ் இணையதளம் இருக்கிறது. ராணுவ ஓய்வூதியம், வருடாந்தர உயிர்ச் சான்று எல்லாம் அதில்தான். கை விரலும் சரியாக அசையாத ஒருவர் அதில் ஓடிபி அடிப்பதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் மென்பொருள்காரர். மையத்தின் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் ஆள் ஒருவரும் கூட இருக்க, அந்த வேலைக்கு மாதம் ஒரு தடவை உட்காருங்கள். தமிழ்நாட்டுக்காரர் யாராவது இருந்தால் வெறுமனே தமிழில் ஊர்க்கதை பேசுங்கள். பேச்சு நின்றால் நிற்கட்டும், இட்டு நிரப்ப வேண்டாம்.

உங்கள் மனைவி சொன்னது சால்வைக்கும் போட்டோவுக்கும் முழுக்கப் பொருந்தும். அவரையும் அழைத்துப் போங்கள், அந்தக் கூச்சம் உள்ளவர்தான் அங்கே தேவை. பிள்ளைகளும் வரட்டும், பாட்டும் மைக்கும் வேண்டாம். ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற உடம்பின் மொத்த எடையையும் தோளும் கையும்தான் தூக்க வேண்டும், கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அவர்களுக்குக் கணக்கு. நின்றுகொண்டு பேசாமல் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கேட்காமல் வீல்சேரைத் தொட்டுத் தள்ளாதீர்கள்.

கை வராமல் வாயில் தூரிகை கவ்விப் படம் வரைகிறவர்கள் அந்த மையத்தில் உண்டு. பிடித்த படம் ஏதாவது விற்பனைக்கு இருந்தால் சொன்ன விலை கொடுத்து வாங்குங்கள், மேலே நூறு ரூபாய் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் வாங்கவும் வேண்டாம்.