நோன்புக்கு வீடு திறக்கும்போது

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டில் கானாடுகாத்தானை ஒட்டிய ஊரில் எங்கள் வீடு. வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். முகப்பில் ஒரு காவல்காரர் இருக்கிறார். நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பும் புத்தாண்டும் ஒட்டி வரும் வருடங்களில் பங்காளிகள் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு கூடுவோம். 45 பேருக்குக் குறையாது. போன தடவை இரண்டாம் நாள் காலையிலேயே கக்கூஸ் எதிர்த்துக்கொண்டது, கழிவு மேலே ஏறி வந்தது. மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. குளிக்க ஹீட்டர் போட்டால் கரண்ட் விழுந்தது. பணியாரம் சுட்ட எண்ணெய் தரையில் கொட்ட, யாரோ ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் ஆத்தங்குடிக் கல் வெளுத்துவிட்டது. இந்த முறை எதை முதலில் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

முதலில் செப்டிக் டேங்க். மோட்டாரோ வயரோ பழுதானால் ஆள் வந்து அன்றைக்கே சரிசெய்துவிடலாம். கக்கூஸ் எதிர்த்தால் நோன்பு வீட்டில் வேறு எந்த வேலையும் ஓடாது. அதனால் மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

பத்துப் பேர் புழங்கும் வீட்டுக்குக் கட்டிய தொட்டி 2,000 லிட்டருக்குப் பக்கம்தான் கொள்ளும். உள்ளே வரும் தண்ணீர் ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் கசடு அடியில் படியும். ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால்கூட 45 பேருக்கு 4,500 லிட்டர். அது முழுக்கத் தொட்டிக்குள் போனால் 11 மணி நேரம்கூட உள்ளே நிற்காது. படியாத கசடு அப்படியே, தொட்டித் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறைகிணற்றுக்குப் போய் அதன் சுவரை அடைத்துவிடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் எதிர்க்கும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும். ஆகவே குளிக்கிற தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் எந்தக் குழாயில் போகின்றன என்று பிளம்பரைக் கூட்டிப் பாருங்கள். தொட்டிக்குள் போனால் அதைப் பிரித்துப் பின்கட்டுத் தோட்டத்துக்கு விடச் சொல்லுங்கள். கக்கூஸ் தண்ணீர் மட்டும் என்றால் அதே 45 பேருக்கு 1,500 லிட்டருக்குள் அடங்கும்.

கசடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எட்டடிக் கழி ஒன்று போதும். அதன் கீழ் மூன்றடிக்குப் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்ததும் கிட்டே போகாமல் சற்று நேரம் காற்றாட விடுங்கள். பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. கழியை மெதுவாக அடிவரை இறக்கி, இரண்டு நிமிடம் வைத்து, நேராக மேலே எடுங்கள். துண்டில் கறுப்பு ஏறிய உயரம் கசடு, கழி நனைந்த உயரம் தண்ணீர். கறுப்பு தண்ணீர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். லாரிக் குழாய்தான் உள்ளே போக வேண்டும். அடைப்பெடுக்க, விழுந்ததை எடுக்க என்று எந்தக் காரணத்துக்கும் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே தங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைக் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றம் என்கிறது. காவல்காரரிடம் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் நோன்பு என்பதால் அது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னால்தான் வருகிறது. நிலம் ஊறியிருந்தால் உறைகிணறு தண்ணீரை உறிஞ்சாது. லாரி எடுத்த மறுநாளே தொட்டி பழைய மட்டத்துக்கு ஏறினால் அதுதான் காரணம். மறுபடி லாரி வைப்பது வீண் செலவு. பக்கத்துப் பங்காளி வீட்டுக் குளியலறைகளை முன்கூட்டியே கேட்டுப் பாதிப் பேரை அங்கே அனுப்புவதே வழி. ஒவ்வொரு கக்கூஸிலும் மூடி போட்ட கூடை வையுங்கள். குழந்தைகளின் டயாப்பரும் ஈரத்துடைப்பானும் உள்ளே போனால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

மோட்டார் உறுமி நின்றால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். அடுத்து என்ன என்று யோசிக்கிற நேரத்தில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும். மாதக்கணக்கில் ஓடாததால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரம் (இம்பெல்லர்) துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அல்லது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். மெயினை அணைத்துவிட்டுப் பின்புற விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் துரு, லேசாகச் சுற்றியும் ஓடாவிட்டால் கெப்பாசிட்டர். அதே அளவில் இன்னொரு கெப்பாசிட்டர் வாங்கி வீட்டில் வைத்திருங்கள், விலை அதிகமில்லை. ஆழ்குழாய் மோட்டாருக்கு இந்தச் சோதனை ஆகாது, ஆள்தான் வர வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் எது விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2,000 வாட் கீசர் ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மூன்றை ஒன்றாகப் போட்டால் 26 ஆம்பியர். சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 5 கிலோவாட் என்றால் தாங்குவதே 22 ஆம்பியர்தான். பாரம் மிஞ்சினால் அணையும் சுவிட்சான எம்சிபி விழுந்தால் பாரம் அதிகம்; குளியலுக்கு முறை வையுங்கள், அல்லது பின்கட்டில் அண்டா வைத்து விறகில் வெந்நீர் போடுங்கள். ஒரே ஒரு ஹீட்டருக்கே, கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்சான ஆர்சிசிபி விழுந்தால் அந்த ஹீட்டரில் கசிவு இருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றி வெளியே வையுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி வயர் இழுக்க எலக்ட்ரீஷியனே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். காஸ் கீசர் இருந்தால் ஜன்னல் திறந்திருக்கும் குளியலறையில் மட்டும் போடலாம்.

ஆத்தங்குடிக் கல் சிமென்ட். ஆசிட் சிமென்டைத் தின்றுவிடும், மேலே இருக்கும் வண்ணப் பூச்சோடு. வெளுத்த கல் பாலீஷில் திரும்பாது. ஒரு கல்லை மாதிரிக்குக் கொண்டுபோய் ஆத்தங்குடியிலேயே செய்து வாங்கி மாற்றுங்கள். எண்ணெய் கொட்டினால் யாரும் வழுக்கி விழாதபடி ஒருவரை அங்கே நிறுத்திவிட்டு, தவிடோ மரத்தூளோ தூவி, அது எண்ணெயைக் குடித்ததும் வாரி எடுங்கள். பிறகு பாத்திர சோப்புத் தண்ணீர் போதும். புத்தாண்டுத் தோரணத்தை வளவு (உள்முற்றம்) சுவரில் டேப் வைத்து ஒட்ட வேண்டாம். பிய்க்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து வரும். தூணுக்குத் தூண் கயிறு கட்டுங்கள்.

நோன்பன்று இழை எடுக்கும்போது கூட்டம் நெருக்கும். 21 நூல் இழையை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போடுகிற நேரத்தில் நெய் அதிகமானால் எரிகிற சொட்டு கீழே விழும். மாவில் நெய் மட்டாக இருக்கட்டும். பிள்ளைகளை வரிசையில் ஒவ்வொருவராக விடுங்கள், தாவணி முந்தானையைச் செருகச் சொல்லுங்கள், ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மையோ பற்பசையோ மாவோ தடவக் கூடாது, ஐஸும் வேண்டாம். எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்தால் அடுப்பை அணைத்து மூடி போடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது.

செலவைப் பங்குக்கு இவ்வளவு என்று இப்போதே வசூலித்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு லாரிக்காசு கேட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும். வீட்டைப் பூட்டும் நாளில் மோட்டார் சுவிட்சின் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை எல்லாக் கக்கூஸிலும் ஒரு வாளி ஊற்றச் சொன்னால் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் (வாட்டர் சீல்) காயாது, வீட்டுக்குள் நாற்றமும் பூச்சியும் வராது.