எண்ணெய் வண்ணத்தில் நம் வீட்டு அறை: கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் எண்ணெய் வண்ணம் சொல்லித் தருகிறேன். இந்த மாதம் எல்லோருக்கும் ஒரே பயிற்சி: சொந்த வீட்டில் ஓர் அறை, நிறையக் கலர், குறைந்த விவரம். வந்த கேள்விகளில் சில இங்கே.

பாம்பன் மாணவர்: டீச்சர், முன்னறையில் வலை, டிவி, சாமி படம், நாற்காலி, குடம் எல்லாம் கிடக்கு. எதை வரைய, எதை விட?

பொருள்களை மறந்துவிடு தம்பி. கண்ணைப் பாதி மூடிப் பார். பளீரென்று வாசல், நடுத்தரமாகச் சுவர், இருட்டாக மூலை. இந்த மூன்றை மட்டும் உள்ளங்கை அளவுத் தாளில் பென்சிலால் ஐந்தாறு தடவை போட்டுப் பார். இருட்டில் கிடக்கும் வலையும் நாற்காலியும் சேர்ந்து ஒரே கருநீலத் திட்டாகட்டும். வலைக் கண்ணிகளை எண்ணி எண்ணிப் போடாதே, ஓரத்தில் நாலு கோடு போதும். நானாக இருந்தால் ஆரஞ்சு பிளாஸ்டிக் குடத்தை விடவே மாட்டேன். நீலச் சுவர் முன்னால் அது எரியும், சுவரும் இன்னும் நீலமாகும்.

1911இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் ஓவியக்கூடத்தையே வரைந்தார். தரை, சுவர் எல்லாம் ஒரே சிவப்பு. மேசை, நாற்காலியின் கோடுகள் மேலே வரைந்தவை அல்ல. சிவப்பைப் பூசும்போது அங்கே மட்டும் இடைவெளி விட்டார், அடியில் இருந்த பழைய வண்ணம் கோடாகத் தெரிகிறது. அந்தத் துணிச்சல் உனக்கும் வேண்டும்.

கீழக்கரை இல்லத்தரசி: நிழலுக்குக் கறுப்புக் கலந்தால் சுவர் அழுக்காகத் தெரிகிறதே?

கறுப்பு டியூபைக் கொஞ்ச நாள் எடுக்காதீர்கள். நீலச் சுவரின் நிழலுக்கு அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போதும். இன்னொன்று, நம் பக்கம் மத்தியான வெயில் வெளியே மணலில் பட்டு உள்ளே கூரை வரை எகிறும். அதனால் கூரை பல வீடுகளில் மஞ்சள் கலந்த வெளிச்சமாக இருக்கும். சும்மா சாம்பல் பூசிவிடாமல் ஒரு நாள் அண்ணாந்து பாருங்கள்.

மண்டபம், ஓய்வுபெற்ற ஊழியர்: வண்ணத்தில் கலக்கும் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) இங்கே கிடைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் கலக்கலாமா?

கூடவே கூடாது ஐயா. லின்சீட் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை, படம் பிசுபிசுப்பாகவே கிடக்கும். நல்லெண்ணெயும் வேண்டாம். பிரஷ் கழுவ மட்டும் சமையல் எண்ணெய் உதவும். அப்புறம் சோப்புப் போட்டு நன்றாக அலசிவிடுங்கள்.

தொண்டி மாணவி: சுவரும் தரையும் சாய்ந்து சாய்ந்து போகுது டீச்சர்.

ஒரு சுவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து வரைம்மா, பாதித் தொல்லை போய்விடும். அப்படியே இங்கே ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனைக்கும் ஒரு நடை போய்வா. 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். ஆழம் காட்டாமல், தட்டையான நிறத்திலேயே ஒரு சபை முழுக்க அங்கே நிற்கிறது.

தேவிபட்டினம் மாணவர்: ஐப்பசி மழையில் படம் காயவே மாட்டேன் என்கிறது.

முதல் பூச்சை, வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் விட்டு மெல்லிசாகப் போடுங்கள். எண்ணெய் கூடிய பூச்சு மேலேதான் வர வேண்டும், மாறினால் பின்னால் படத்தில் வெடிப்பு விடும். வெள்ளையை அப்பிய இடம் காயத் தாமதமாகும், பொறுங்கள். கட்டிலுக்கடியில் தள்ளி வைக்காதீர்கள், இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். அப்படி ஆகியிருந்தால் சில வாரம் வெளிச்சமான இடத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆடிக் காற்றில் மணல் ஒட்டாமலிருக்க, ஈரப் பக்கம் சுவரைப் பார்த்து லேசாகச் சாய்த்து வையுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள்.